பழைய ஸ்டீரியோ ரிசீவரில் வால்யூமைத் திருகினால் ஏன் கரகரக்கிறது?

வால்யூம் குமிழுக்குப் பின்னால் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். குதிரை லாட வடிவில் ஒரு கரிப்பட்டை, அதன்மேல் உரசி நகரும் சின்ன உலோக விரல், அவ்வளவுதான். 1970களின் சான்சூய், மராண்ட்ஸ் ரிசீவர்களில் இத்தனை வருடத் தூசி அங்கே படிந்திருக்கும். விரல் தொடர்பை விட்டு விட்டுப் பிடிப்பதே கரகரப்பு. பேட்டரி முனை பூத்துப்போன டார்ச் விட்டு விட்டு எரியுமே, அதே கதை.

பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தேங்கிய மின்சாரம் வடியக் கொஞ்ச நேரம் விடுங்கள். பொட்டென்ஷியோமீட்டரின் இடுக்கில் கான்டாக்ட் கிளீனரை (மின் தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) லேசாக அடித்து, குமிழைப் பலமுறை முழுக்கத் திருகுங்கள். நன்றாக உலர்ந்த பிறகே மின்சாரம். பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறமும் கரகரத்தால் பட்டை தேய்ந்திருக்கலாம், அல்லது கப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கும் பாகம்) மின்சாரத்தைக் கசியவிடலாம், மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

பலர் முதலில் ஸ்பீக்கரைத்தான் மாற்றுகிறார்கள். திருகும்போது மட்டும் சத்தம் வந்தால் ஸ்பீக்கர்மேல் குற்றமில்லை.