பதற்றத்தில் இருக்கும் குழுவுக்கு ஏன் ஒரு ‘எதிரி’ தேவைப்படுகிறது?

உளப்பகுப்பாய்வில் இதைப் புறத்தேற்றம் என்பார்கள். தனக்குள் இருக்கும் பயம், பொறாமை, இயலாமையை ஒத்துக்கொள்ள முடியாமல் அடுத்தவர்மேல் ஏற்றிவிட்டு, ‘அவர்கள்தான் அப்படி’ என்று மனதார நம்புவது. நம் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வாசலில் கொட்டிவிட்டு, நாற்றம் தாங்கவில்லை என்று மூக்கைப் பொத்துவதைப் போல.

தனியாளைவிடக் குழுவில் இது வேகமாக நடக்கும். உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃபிராய்டு 1921இல் சொன்ன காரணம்: எல்லோரும் ஒரே தலைவரைத் தங்கள் இலட்சியத்தின் இடத்தில் வைப்பதால்தான் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொள்கிறார்கள். உள்ளே காட்ட முடியாத வெறுப்பு வெளியே போகிறது. அதுவும் பெரும்பாலும் தூரத்து ஆள்மேல் இல்லை. ஸ்பானியர், போர்த்துக்கீசியர் போலப் பக்கத்தில், ஏறக்குறைய நம்மைப்போலவே இருப்பவர்மேல்.

பிரிட்டிஷ் மருத்துவர் வில்ஃபிரட் பியோன் இதையே தலைமையின் பக்கமிருந்து பார்த்தார். ‘சண்டை அல்லது ஓட்டம்’ என்ற மனநிலையில் சிக்கிய குழு, யாரை அடிப்பது அல்லது எங்கே ஓடுவது என்று காட்டுபவரையே தலைவராக ஏற்கும். ஆலையில் வேலை ஏன் குறைந்தது என்று கணக்குப் பார்க்கக் கூடிய கூட்டம், சற்று நேரத்தில் ‘வெளியூர்க்காரன் வந்ததால்தான்’ என்பதில் வந்து நிற்கும். கணக்கை நீட்டுபவர் பேச்சு எடுபடாது.

‘எல்லாம் தலைவர் ஊட்டும் விஷம், அவரை மாற்றினால் சரியாகிவிடும்’ என்பது பாதிதான் சரி. பதற்றம் அப்படியே இருந்தால், அதே வேலைக்குக் குழு வேறொருவரைப் பிடித்துக்கொள்ளும்.