உபரி சூரிய மின்சாரத்தை ஹைட்ரஜனாகச் சேமித்து வைக்கலாமா?

கேள்வி: எங்கள் சிறு தொழிற்கூடத்தின் கூரையில் சூரிய மின்தகடுகள் அமைத்திருக்கிறோம். பகலில் எங்கள் தேவை போக நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 யூனிட் மிஞ்சுகிறது. அதைக் கொண்டு ஹைட்ரஜன் தயாரித்து வைத்தால் இரவில் மின்சாரமாகவும் காலையில் கொதிகலனுக்கு எரிபொருளாகவும் பயன்படும் என்று ஒரு விற்பனையாளர் கூறுகிறார். பேட்டரியைவிட இது மேலானதா? இதனால் உண்மையிலேயே மாசு குறையுமா?

பதில்: நீங்கள் கூறும் இரண்டு பயன்களுக்குமே ஹைட்ரஜன் ஏற்றதல்ல என்பது என் கருத்து. ஆனால் உங்கள் கடிதத்தில் இல்லாத மூன்றாவது பயன் ஒன்று உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமானால் என் பதில் மாறும். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஒரு கிலோ ஹைட்ரஜனில் அடங்கியுள்ள பயன்படக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 33 யூனிட். ஆனால் நீரைப் பகுத்து அந்த ஒரு கிலோவைப் பெற, பம்புகள், குளிரூட்டும் அமைப்பு, வாயுவை உலர்த்தும் கருவி ஆகியவற்றையும் சேர்த்தால், 50 முதல் 55 யூனிட் வரை செலவாகும். ஆகவே உங்கள் 100 யூனிட்டிலிருந்து கிடைப்பது 1.8 கிலோ அளவே. அதை எரிபொருள் மின்கலத்தில் செலுத்தி மறுபடி மின்சாரமாக்கினால் ஏறக்குறைய பாதி ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். உங்கள் கைக்கு வருவது சுமார் 30 யூனிட். வாயுவை அழுத்திச் சேமிக்க வேண்டியிருந்தால் இன்னும் குறையும். அதே 100 யூனிட்டை லித்தியம் பேட்டரியில் சேமித்தால் 85 முதல் 90 யூனிட் வரை திரும்பக் கிடைக்கும். பகலில் சேமித்து அன்றிரவே செலவிடும் தேவைக்குப் பேட்டரியே பொருத்தம் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. மாதக்கணக்கில் சேமித்து வைக்க வேண்டிய பெரிய மின்தொகுப்புகளின் நிலை வேறு. அங்கே இழப்பைப் பொறுத்துக்கொண்டும் ஹைட்ரஜனை நாட நியாயம் இருக்கிறது.

கொதிகலன் விஷயம் இன்னும் தெளிவானது. 1.8 கிலோ ஹைட்ரஜனை எரித்தால் கிடைக்கும் வெப்பம் அதிகபட்சம் 60 யூனிட். கொதிகலனின் இழப்பு போக அதுவும் குறையும். ஹைட்ரஜன் சுடர் இயற்கை எரிவாயுவின் சுடரைவிடப் பல மடங்கு வேகமாகப் பரவுவதால் எரிவாயுவுக்கென அமைந்த பர்னரில் அது பின்னோக்கிப் பாயக்கூடும். சுடரின் வெப்பநிலையும் அதிகம் என்பதால் நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடுதலாக உருவாகும். எனவே பர்னரையே மாற்ற வேண்டிவரும். இயற்கை எரிவாயுவில் கொஞ்சம் கலந்து எரிக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். கன அளவில் 20 சதவீதம் கலந்தாலும் கார்பன் டை ஆக்சைடு 7 சதவீதமே குறையும், ஏனெனில் ஒரே கன அளவில் ஹைட்ரஜன் தரும் வெப்பம் எரிவாயு தருவதில் மூன்றில் ஒரு பங்குதான்.

இதற்கு மாற்றாக, மிஞ்சும் மின்சாரத்தை நேரடியாக வெப்பமாக்கிவிடுங்கள். வெப்பக் காப்பு இட்ட தொட்டியில் 2,000 லிட்டர் நீரை வைத்து 30 டிகிரியிலிருந்து 73 டிகிரிக்குச் சூடேற்ற ஆகும் ஆற்றல் சரியாக உங்கள் 100 யூனிட்தான். காலையில் அந்த நீரையே கொதிகலனுக்கு ஊட்டினால், அதைச் சூடேற்றச் செலவாகியிருக்கும் எரிபொருள் அப்படியே மிச்சம். சுற்றுக் காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்து நீருக்கு ஏற்றும் வெப்ப பம்ப் பொருத்தினால், இத்தகைய மிதமான வெப்பநிலைக்கு ஒரு யூனிட் மின்சாரத்தில் இரண்டு அல்லது மூன்று யூனிட் வெப்பம் பெற முடியும். ஒரு தொட்டியும் ஹீட்டரும் கவர்ச்சியான தொழில்நுட்பமல்ல என்பதாலேயே இதை யாரும் உங்களிடம் விற்க வருவதில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது அந்த மூன்றாவது பயன். உலகில் ஆண்டுதோறும் 9 கோடி டன்னுக்கும் மேற்பட்ட ஹைட்ரஜன் ஏற்கெனவே பயன்பட்டு வருகிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உரத்துக்கான அம்மோனியா, மெத்தனால் ஆகியவற்றுக்கே அதில் பெரும்பங்கு போகிறது. அது ஏறக்குறைய முழுவதும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கப்படுகிறது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ எடுத்தால் 9 முதல் 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். சூரிய ஒளி, காற்று போன்றவற்றின் மின்சாரத்தால் நீரைப் பகுத்துப் பெறும் பச்சை ஹைட்ரஜன் முதலில் இடம்பெற வேண்டியது இங்கேதான், ஏனெனில் இவ்வேலைகளுக்கு வேண்டியது ஆற்றல் மட்டுமல்ல, ஹைட்ரஜன் என்ற பொருளே. இரும்புத் தாதுவிலுள்ள ஆக்சிஜனை நிலக்கரிக்குப் பதிலாக ஹைட்ரஜனைக் கொண்டு நீக்கும் முறையும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஸ்வீடனின் ‘ஹைப்ரிட்’ (HYBRIT) என்ற எஃகுத் திட்டம் 2021இல் அவ்வாறு எஃகு செய்து காட்டியது. உங்கள் தொழிற்கூடத்தில் உலோகங்களை வெப்பப் பதனிடவோ ஆய்வகக் கருவிகளுக்காகவோ ஹைட்ரஜன் சிலிண்டர்கள் வாங்குகிறீர்களா? வழக்கமான பெரிய சிலிண்டர் ஒன்றில் இருப்பது அரை கிலோவுக்குச் சற்றே அதிகமான வாயுதான். எஃகு உருளையின் எடையோ 50 கிலோவுக்கு மேல். உங்கள் உபரி மின்சாரம் நாளொன்றுக்கு அத்தகைய சிலிண்டர்கள் மூன்றுக்கு ஈடாகும். அவ்வளவு வாயுவை நீங்கள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தால் நீரை மின்சாரத்தால் பகுக்கும் இயந்திரமான எலெக்ட்ரோலைசர் ஒன்றைச் சிறிய அளவில் நிறுவுவது ஆராயத் தக்கது.

அப்படி ஆராயும்போது, இயந்திரம் மேகமூட்டத்தில் எப்படி இயங்கும் என்று கட்டாயம் கேளுங்கள். கார வகை எலெக்ட்ரோலைசரில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்குள் இரு மின்முனைகளும் அவற்றின் நடுவே நுண்துளைத் தடுப்பு ஒன்றும் இருக்கும். அந்தத் தடுப்பின் வழியே கொஞ்சம் ஹைட்ரஜன் எப்போதும் ஆக்சிஜன் பக்கம் கசிந்துகொண்டேயிருக்கும். மின்சாரம் முழுமையாக வரும்போது ஆக்சிஜன் ஏராளமாக உருவாவதால் இது பொருட்டல்ல; மின்சாரம் குறைந்தால் ஆக்சிஜன் உற்பத்தி விழுந்துவிடும், கசிவு மட்டும் அப்படியே தொடரும். ஆக்சிஜனில் ஹைட்ரஜனின் பங்கு எரியும் எல்லையான 4 சதவீதத்தை நெருங்குவதற்கு வெகு முன்பே இயந்திரம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ள வேண்டும். அதனால் குறைந்தபட்சச் சுமை என்ற வரம்பு உண்டு. சவ்வு வகை இயந்திரம் ஏற்ற இறக்கத்தை இதைவிட நன்றாகத் தாங்கும், ஆனால் அதற்கு இரிடியமும் பிளாட்டினமும் வேண்டியிருப்பதால் விலை அதிகம்.

பகலில் சில மணி நேரம் மட்டும் ஓடும் இயந்திரத்தின் முதலீடு திரும்ப வராது என்று சொல்லி, மீதி நேரத்துக்கு மின்வாரிய மின்சாரத்தில் ஓட்டும்படி விற்பனையாளர் யோசனை கூறக்கூடும். மாசு குறையுமா என்ற உங்கள் கேள்விக்கு அங்கேதான் விடை இருக்கிறது. நிலக்கரி மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. அதில் தயாரித்த ஒரு கிலோ ஹைட்ரஜனின் கணக்கில் 50 கிலோ சேரும். எரிவாயுவிலிருந்து எடுப்பதைவிட இது ஐந்து மடங்கு மோசம். மின்சாரம் சுத்தமாக இருந்தால்தான் ஹைட்ரஜனும் சுத்தம்.

பாதுகாப்பு குறித்தும் சொல்ல வேண்டும். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் ஹைட்ரஜன் தீப்பற்றும். கையிலிருந்து தெறிக்கும் நிலைமின் பொறியே அதற்குப் போதும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரிவதே அரிது. மிக இலேசான வாயு என்பதால் திறந்தவெளியில் விரைவாக மேலெழுந்து கலைந்துவிடும். மூடிய கூரையின் கீழோ அங்கேயே தேங்கும். ஆகவே சேமிப்புக் கலனைக் கட்டடத்துக்கு வெளியே வையுங்கள். இயந்திர அறையின் உச்சியில் காற்றுப் போக்கியும் வாயு உணரியும் பொருத்துங்கள். ஆக்சிஜனை வெளியேற்றும் குழாயைத் தனியாகத் தூரத்தில் கொண்டுபோய் விடுங்கள். இவற்றின் செலவையும், கிலோவுக்கு ஒன்பது லிட்டருக்குக் குறையாமல் வேண்டிய, உப்பு நீக்கிய நீரின் செலவையும் விலைப்புள்ளியில் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். ஒரு கிலோவுக்கு இத்தனை யூனிட் என்று விற்பனையாளர் காட்டும் எண் மின்பகுப்புக் கலத்துக்கு மட்டுமானதா, முழு அமைப்புக்குமானதா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.