காலாவதியான மருந்து, உணவு எதையும் தூக்கிப்போட விடாத அம்மாவை என்ன செய்வது?

அம்மா வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக் குப்பையில் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நான் அதைச் செய்தவள்.

உங்கள் வீட்டு மருந்து டப்பாவை என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள், மூடியில் சர்க்கரை உறைந்துபோன இருமல் சிரப், அடிவரை சுருட்டிய களிம்பு டியூப். எது யாருக்கு, எந்தக் காய்ச்சலுக்கு வாங்கியது என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

மூன்று வருடங்களுக்கு முன் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாக முடிந்தது. அதன்பிறகு சில வாரங்களுக்குச் சொட்டு மருந்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தியும் விட்டோம். கொஞ்ச மாதம் கழித்து அம்மா உறவினர் வீட்டுக்கு இரண்டு நாள் போயிருந்தபோது நான் டப்பாவைக் கவிழ்த்தேன். ஒவ்வொன்றாக எடுத்துத் தேதியைப் பார்த்தேன், தாண்டியதை எல்லாம் பையில் போட்டேன். அந்தக் கண் சொட்டும் அதில் இருந்தது. திறந்த கண் சொட்டு மருந்துகள் பெரும்பாலும் 28 நாட்களுக்குத்தான், அட்டையில் எந்தத் தேதி இருந்தாலும். அது எனக்குத் தெரியும் என்பதில் அன்றைக்குப் பெருமைகூட இருந்தது. குளிர்சாதனப் பெட்டியையும் விட்டுவைக்கவில்லை.

அம்மா திரும்பி வந்து டப்பாவைத் திறந்து பார்த்தார். "எல்லாத்தையும் போட்டுட்டியா?"

"தேதி முடிஞ்சிடுச்சும்மா."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. சண்டை வரும் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு அது பெரிய நிம்மதி. அந்த "சரி"க்கு என்ன அர்த்தம் என்று புரிய ஏழு மாதம் ஆனது.

வழக்கமான கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போயிருந்தேன். டாக்டர் கண்ணின் அழுத்தத்தை அளந்தார், மறுபடியும் அளந்தார். சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டியது, இடது கண்ணில் 34. "வேற ஏதாவது சொட்டு போடறீங்களாம்மா?" என்று கேட்டார். அம்மா இல்லை என்றார். டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க ரெண்டு நிமிஷம் வெளியே இருங்க" என்றார். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே அம்மா கைப்பையைத் திறந்து அந்தச் சொட்டு மருந்தை எடுத்து மேசையில் வைத்திருக்கிறார்.

நான் எறிந்த அதே மருந்து. பாட்டிலைத்தானே போட்டேன், அதன் காலி அட்டைப்பெட்டியை அம்மா ஏற்கனவே பத்திரப்படுத்தியிருந்தார். அதைக் காட்டிப் புதிதாக வாங்கியிருக்கிறார். கண் லேசாகச் சிவந்தாலோ உறுத்தினாலோ இரண்டு சொட்டு. உடனே இதமாக இருந்ததாம், அதனால் அடுத்த பாட்டில். அது ஸ்டீராய்டு கலந்த சொட்டு. சிவப்பை வேகமாகக் குறைக்கும், அதனால்தான் நல்ல மருந்து என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் சிலருக்குச் சில வாரங்களிலேயே கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். ஏறுவது வலிக்காது, பார்வை மங்கியதாகவும் உடனே தெரியாது. அழுத்தம் பார்வை நரம்பைத் தின்னும்போது முதலில் போவது பெரும்பாலும் ஓரப் பார்வை. போனது திரும்பாது. அம்மாவுக்கு இடது கண்ணில் மூக்குப் பக்கம் கொஞ்சம் போய்விட்டது. அழுத்தம் இப்போது கட்டுக்குள் இருக்கிறது, அதற்கென்று தினமும் வேறு சொட்டு போடுகிறோம்.

இதில் நான் செய்த தப்பு என்ன என்று பலநாள் யோசித்தேன். புதிதாக வாங்கியதில் தேதி சரியாகத்தான் இருந்தது. அதனால் அவர் பார்வையில் என் குறை தீர்ந்துவிட்டது. நான் அவ்வளவு மருந்தையும் கையில் எடுத்துத் தேதி பார்த்தேனே தவிர, "இதை எதுக்கும்மா வெச்சிருக்கே, எப்பப் போடறே" என்று ஒன்றுக்குக்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். எறிந்த பிறகு எதையும் என் கண்ணில் காட்டக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார். டப்பாவில் இருந்தவரை எனக்குத் தெரிந்தது, கைப்பைக்குப் போனதும் தெரியாமல் போனது.

இங்கே ஒருவர் கட்டாயம் வருவார், தேதி தாண்டினாலும் மருந்து கெடாது, எல்லாம் வியாபாரம் என்று. அமெரிக்க ராணுவக் கிடங்கு மருந்துகளைச் சோதித்த விவரம் எனக்கும் தெரியும். 2006ல் வெளியான ஆய்வில் 122 மருந்துகளின் மூவாயிரத்துச் சொச்சம் தொகுதிகளைச் சோதித்ததில் 88 சதவீதத்துக்குக் குறைந்தது ஒரு வருடம் கூடுதல் ஆயுள் கொடுக்க முடிந்தது. உண்மைதான். ஆனால் அவை பிரிக்காமல், சரியான சூட்டில், ஈரம் படாமல் வைத்தவை. அடுப்புக்கு மேல் அலமாரியில் வேகும் டப்பாவுக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? ஆஸ்பிரினில் ஈரம் பட்டு வினிகர் வாடை வந்தால் அது உடைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையை அதன் பாட்டிலை விட்டு வேறு டப்பாவுக்கு மாற்றினாலே வீரியம் போய்விடும். அது வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளும் நேரம் நெஞ்சுவலி வரும் நேரம்தான். தண்ணீர் கலந்து கரைத்த ஆன்டிபயாட்டிக் சிரப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குமேல் வைக்கக்கூடியதே இல்லை.

இன்னொருவர், பாட்டி வைத்தியத்தைக் கேவலப்படுத்துகிறாள் என்பார். இல்லை. தொண்டை கரகரத்தால் இன்றைக்கும் நான் உப்பு போட்ட வெந்நீரில்தான் கொப்பளிக்கிறேன், அம்மா கலக்கும் பதத்தில். இருமலுக்குத் தேன் இதம் தரும், அது டாக்டர்களே ஒத்துக்கொண்டது. ஆனால் அதே தேனை ஒரு வயது ஆகாத குழந்தைக்கு நாக்கில் தடவக்கூடாது, பொட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோய் வரலாம். தீக்காயத்தில் பற்பசையோ வெண்ணெயோ தடவக்கூடாது, ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் விட்டுக்கொடுக்காத இடங்கள் இவைதான். மீதி அம்மா இஷ்டம்.

உணவு விஷயத்தில் நான் நிறைய இறங்கி வந்துவிட்டேன். இன்ன தேதிக்கு முன் சிறந்தது என்று போட்டிருந்தால் அது ருசிக்கும் மொறுமொறுப்புக்கும்தான், உலர்ந்த பொருளாக இருந்தால் அம்மா முகர்ந்து பார்த்துச் சொல்வதை நம்புகிறேன். இன்ன தேதிக்குள் பயன்படுத்தவும் என்று இருந்தால் மட்டும் பேச்சுக்கு இடமில்லை. அப்புறம், "கொதிக்க வெச்சா எல்லாம் செத்துடும்" என்பது அம்மாவின் வாதம். வெளியில் கிடந்த உணவில் சில கிருமிகள் விட்டுப்போகும் நச்சு கொதித்தாலும் போகாது. இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு மாதம் ஆனது, பரவாயில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த மருத்துவமனை விஷயம் தெரிந்த அன்று வெளியூரில் இருக்கும் என் அண்ணன் போனில் கேட்ட முதல் கேள்வி, "கூடவே இருக்கே, இதைக்கூடவா கவனிக்கலை?" வாரத்துக்கு ஒருதடவை பத்து நிமிடம் பேசுகிறவருக்கு அந்தக் கேள்வி கேட்பது சுலபம். கூட இருப்பவர்களுக்குத்தான் ஒளித்து வைக்கிறார்கள், ஏனென்றால் எடுத்துப் போடுவது நாங்கள்தான். போனில் இருப்பவரிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? இதை அண்ணனிடமும் சொல்லிவிட்டேன், அதனால் இங்கே எழுதுவதில் தவறில்லை. மாத்திரை அட்டையை வெட்டித் தருகிறவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. தேதி அச்சடித்த மூலை பாதிநேரம் நம் கைக்கு வருவதே இல்லை, வந்தாலும் எழுபது வயதுக் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தா அது?

இப்போது நாங்கள் செய்வது இது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அம்மாவே டப்பாவைக் கட்டிலில் கவிழ்ப்பார். நான் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, "இது எதுக்கும்மா?" என்று மட்டும் கேட்பேன். அவர் கதை சொல்வார். அவருடைய தம்பிக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்த இரவில் வீட்டில் ஒரு மாத்திரைகூட இல்லாமல் தவித்ததை அப்படித்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன். நாற்பது வருடமாகக் கூட இருக்கிறேன், அதற்குமுன் சொன்னதில்லை. கழிக்க வேண்டியதை அவர் கையாலேயே கழிப்பார். காய்ச்சல் மாத்திரை மட்டும் எப்போதும் புதிதாக ஒரு அட்டை இருக்கும்படி நான் பார்த்துக்கொள்கிறேன். திறக்கும் பாட்டில் ஒவ்வொன்றிலும் திறந்த நாளைப் பெரிய எழுத்தில் ஒட்டுவது அம்மா.

நான் மருத்துவர் இல்லை, மருந்து பற்றிய முடிவை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் அம்மாவின் டப்பாவில் கண் சொட்டு ஏதாவது இருந்தால் இன்றைக்கே அதன் பெயரைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று ஸ்டீராய்டு பெயர் இருந்தால் அதைப் பிடுங்காதீர்கள், திடீரென்று நிறுத்தவும் சொல்லாதீர்கள். எவ்வளவு நாளாகப் போடுகிறார் என்று கேட்டுக்கொண்டு, பாட்டிலோடு கண் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். உள்ளே அவர் தனியாகப் பேச இரண்டு நிமிடம் கொடுங்கள்.