கேட்டவர்களுக்குப் பதில்: நெட்டை ஜாக்கியும் காதில் பஞ்சு வைத்த குதிரையும்

சென்ற இதழில் விளையாட்டு வீரர்களைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, எனக்குப் பிடித்தவர் பந்தயக் குதிரை ஓட்டும் லெஸ்டர் பிகாட் என்ற ஜாக்கி என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த இதழில் எல்லாப் பதிலும் அவரைப் பற்றித்தான். புதிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: நான் கிண்டி ரேஸ் கோர்ஸில், ஜாக்கிகளை எடை போடும் அறையில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்தவன். ஒரு நாளும் பெட்டு கட்டியதில்லை. குதிரைகளையும் அவற்றின் மேல் ஏறுகிற மனிதர்களையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

யார் இந்த லெஸ்டர் பிகாட்? இந்தப் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்

இங்கிலாந்துக்காரர், ஐயா. 1935 நவம்பர் 5 அன்று வான்டேஜ் என்ற ஊரில் பிறந்தார். பரம்பரையே குதிரைப் பரம்பரை. தாத்தா எர்னி பிகாட், கிராண்ட் நேஷனல் என்கிற பெரிய தடைதாண்டும் பந்தயத்தை ஜெயித்தவர். அப்பா கீத் முதலில் ஜாக்கி, அப்புறம் ட்ரெயினர். அம்மா பிறந்த வீட்டிலும் ஜாக்கிகள்தான். 1948 ஆகஸ்டில் ஹேடாக் பார்க் மைதானத்தில் முதல் பந்தயத்தை ஜெயித்தபோது பையனுக்குப் பன்னிரண்டு வயது.

இங்கிலாந்தில் ஜாக்கிகளின் கனவு எப்சம் டெர்பி. மூன்று வயதுக் குதிரைகளுக்கான பந்தயம், ஒன்றரை மைல் தூரம். வாழ்நாளில் ஒரு தடவை ஜெயித்தாலே பேர் நின்றுவிடும். பிகாட் ஒன்பது தடவை ஜெயித்தார். முதலாவது 1954-இல், பதினெட்டு வயதில், நெவர் சே டை என்ற குதிரையில். யாரும் பெரிதாக நம்பாத குதிரை அது, பெட்டு கட்டியவர்களுக்கு ஒன்றுக்கு முப்பத்து மூன்று கொடுத்தது. ஒன்பதாவது 1983-இல், டீனோசோ மேல், நாற்பத்தேழு வயதில். நடுவே பதினோரு வருடம் சாம்பியன் ஜாக்கி, அதாவது அந்த வருடத்தில் அதிகப் பந்தயம் ஜெயித்தவர். பிரிட்டனின் சமதளப் பந்தயங்களில் மட்டும் 4,493 வெற்றி.

1970-இல் நிஜின்ஸ்கி என்ற குதிரையில் ஏறி, இரண்டாயிரம் கினி, டெர்பி, செயின்ட் லெஜர் என்ற மூன்று பந்தயங்களையும் ஒரே வருடத்தில் ஜெயித்தார். அதற்குப் பிறகு இன்றுவரை எந்தக் குதிரையும் அந்த மூன்றையும் சேர்த்து ஜெயிக்கவில்லை.

இத்தனைக்கும் அவருக்கு இரண்டு குறை இருந்தது. சின்ன வயதிலிருந்தே காது சரியாகக் கேட்காது. பேச்சும் தெளிவாக வராது. இரண்டாவது குறை உயரம், ஐந்தடி எட்டு அங்குலம். நம் வீடுகளில் அது ஒரு சாதாரண ஆளின் உயரம். ஜாக்கிகள் அறையிலோ அவர் தென்னை மரம். நெட்டையர் என்றுதான் ஊரே அவரைக் கூப்பிட்டது.

ஓடுவது குதிரை. மேலே உட்கார்ந்திருப்பவருக்கு எதற்கு இவ்வளவு புகழ்?
கல்லூரி மாணவி, மதுரை

நல்ல கேள்வி அம்மா. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படித்தான் நினைத்தேன்.

முதலில் ஒன்று. பந்தயத்தில் ஜாக்கி உட்காருவதே இல்லை. சேணத்திலிருந்து தொங்கும் அங்கவடி வளையத்தில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, முழங்காலை மடக்கி, குதிரையின் முதுகுக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறார். வீட்டில் நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்காருகிற மாதிரி ஒரு நிமிடம் நின்று பாருங்கள், தொடை நடுங்கும். பிகாட் அங்கவடியின் வாரை மற்றவர்களைவிடக் குட்டையாகப் பிடிப்பார். அவ்வளவு நீளக் காலையும் மடக்கி வைத்தால் பின்புறம் மேலே தூக்கிக்கொண்டுதானே நிற்கும்? ஏன் இப்படி என்று கேட்டதற்கு, அதை எங்கேயாவது வைத்தாக வேண்டுமே என்று பதில் சொன்னாராம்.

அடுத்தது கணக்கு. குதிரையிடம் முழு வேகம் கொஞ்ச தூரத்துக்குத்தான் இருக்கும். அதை எங்கே செலவழிப்பது என்பது ஜாக்கியின் கையில். எப்சம் மைதானம் சமமானதே இல்லை. முதலில் ஏற்றம், அப்புறம் இறக்கத்திலேயே இடது பக்கம் திரும்ப வேண்டும், கடைசி நேர்ப்பாதையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். அங்கே மிரளாமல் ஓட்டுவதே பெரிய காரியம்.

1968 டெர்பியைச் சொல்கிறேன். பிகாட் ஏறியது சர் ஐவர். பயங்கர வேகம், ஆனால் ஒன்றரை மைல் தாங்குமா என்று எல்லோருக்கும் சந்தேகம். கடைசி ஃபர்லாங்கில் கொனாட் என்ற குதிரை நன்றாக முன்னால் போய்விட்டது. பார்க்கிறவர்களுக்கு ஆட்டம் முடிந்த மாதிரி இருந்தது. பிகாட் அசையவில்லை. இன்னும், இன்னும் என்று பிடித்து வைத்திருந்து, நூறு கஜம் இருக்கும்போது வெளிப்பக்கம் எடுத்து விட்டார் பாருங்கள், ஒன்றரை லெங்த், அதாவது ஒன்றரைக் குதிரை நீள வித்தியாசத்தில் வெற்றி! ஐந்து வினாடி முன்னாடி விட்டிருந்தால் குதிரை களைத்திருக்கும். இரண்டு வினாடி தாமதித்திருந்தால் எட்டியிருக்காது. அந்தப் பதற்றத்தில் கை கட்டுப்பட்டு இருப்பதற்குத்தான் அம்மா புகழ்.

அதே பொறுமை தோல்வியையும் கொடுத்திருக்கிறது. 1970-இல் பாரிஸில் ஆர்க் என்கிற பெரிய பந்தயம். நிஜின்ஸ்கியை ரொம்பப் பின்னால் வைத்திருந்தார். சசாஃப்ராஸ் என்ற குதிரையிடம் ஒரு தலை வித்தியாசத்தில் தோற்றது. அவர் மேல் தப்பா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். கொஞ்சம் முன்னாடியே கிளம்பியிருக்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

உங்களுக்கு மறக்க முடியாத பந்தயம்?
தபால் துறை ஊழியர், ஈரோடு

1977 டெர்பி. வேளச்சேரிப் பக்கம் ஒரு நண்பர் வீட்டில், சிற்றலையில் பிபிசியைப் பிடிக்கப் படாத பாடு பட்டோம். கொரகொர சத்தத்துக்கு நடுவே, கடைசி இருபது வினாடி மட்டும் தெளிவாக வந்தது. தி மின்ஸ்ட்ரல் என்ற குதிரையில் பிகாட், ஹாட் குரோவ் என்ற குதிரையில் வில்லி கார்சன். ஒரு கழுத்து வித்தியாசத்தில் மின்ஸ்ட்ரல்.

என்னை மயக்கியது பிற்பாடு படித்த விவரம். மின்ஸ்ட்ரல் செம்பழுப்பு நிறம், நான்கு காலும் வெள்ளை, முகத்திலும் வெள்ளை. நாலு கால் வெள்ளையான குதிரையை வாங்காதே என்று இங்கிலீஷ்காரர்களிடம் ஒரு பழைய சொலவடை உண்டு. நம் ஊரில் அதற்கு என்ன பெயர்? பஞ்சகல்யாணி! ராஜா ஏறுகிற குதிரை. எங்கள் லாயத்துப் பெரியவர் ஒருவரிடம் பத்திரிகையில் வந்த அதன் படத்தைக் காட்டினேன். கையில் வாங்கி, நெற்றிச் சுட்டியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இத வேண்டாம்னு சொல்லுவாங்களா?" என்று கேட்டார். அவருக்கு நம்பவே முடியவில்லை.

இன்னொன்று. டெர்பி அன்று கூட்டமும் வாத்தியமும் காதைப் பிளக்கும். மின்ஸ்ட்ரல் சட்டென்று உணர்ச்சிவசப்படும் குதிரை. அதனால் ட்ரெயினர் வின்சென்ட் ஓ'பிரையன் அதன் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்து அணிவகுப்புக்குக் கூட்டிப்போனார். பந்தயம் தொடங்கும் இடத்தில்தான் எடுத்தார்கள். காதில் பஞ்சு வைத்த குதிரை, அதன் மேல் காது கேட்காத மனிதர். ஊர் முழுக்கக் கத்திக்கொண்டிருக்க, இவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் அமைதி. நாற்பது வருடத்துக்கு மேலாக இந்தக் காட்சி என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பந்தயத்தில் குதிரையைச் சாட்டையால் அடிப்பது கொடுமை இல்லையா?
இல்லத்தரசி, புதுச்சேரி

அந்தக் காலத்தில் அடித்த அளவு அதிகம்தான். மின்ஸ்ட்ரல் அன்று வாங்கிய அடிகளை இன்றைய விதி அனுமதிக்காது. பிரிட்டனில் 2023 முதல் சமதளப் பந்தயத்தில் ஆறு தடவைக்கு மேல் சாட்டையைப் பயன்படுத்தினால் தண்டனை. எல்லை ரொம்ப மீறினால் குதிரையே தகுதி இழக்கும். இது சரியான மாற்றம் என்பது என் கருத்து. பிகாட் எனக்குப் பிடித்தவர் என்பதற்காக இதை மாற்றிச் சொல்ல மாட்டேன். அவருக்குச் சாட்டை மேல் எவ்வளவு பற்று என்றால், 1979-இல் பிரான்சின் டோவில் மைதானத்தில் தன் சாட்டை கைநழுவிப் போனதும், ஓட்டத்தின் நடுவிலேயே பக்கத்துக் குதிரையில் வந்த ஜாக்கியின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்! அதற்குத் தடையும் வாங்கினார்.

வரி ஏய்ப்பு செய்து ஜெயிலுக்குப் போனவராமே. அவரைப் போய் நீங்கள் புகழலாமா?
கணக்குத் தணிக்கையாளர், கோயம்புத்தூர்

போனது உண்மை. 1985-இல் ஓய்வு பெற்று, நியூமார்க்கெட்டில் ட்ரெயினராக இருந்தார். 1987-இல் 32.5 லட்சம் பவுண்டுக்குக் கணக்குக் காட்டாத வழக்கில் மூன்று வருடச் சிறை. 366 நாள் உள்ளே இருந்தார். ராணி கொடுத்த ஓ.பி.இ. விருதும் பறிபோனது. லாயத்தை மனைவி சூசன்தான் அந்தக் காலத்தில் கவனித்துக்கொண்டார். செய்தது குற்றம், தண்டனையும் நியாயம். அதில் எனக்கு வேறு பேச்சு இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் நீங்கள் கேட்க வேண்டும். 1990 அக்டோபரில், ஐந்து வருடம் பந்தயத்தில் ஏறாத மனிதர், ஐம்பத்து நாலு வயதில் திரும்ப வந்தார். வந்து பன்னிரண்டாவது நாள், அமெரிக்காவில் பெல்மான்ட் பார்க்கில் பிரீடர்ஸ் கப் மைல் பந்தயம். ராயல் அகாடமி என்ற குதிரை. வளைவில் அது தடுமாறியது. போச்சு என்று எல்லோரும் நினைத்தார்கள். பிகாட் அதை நிதானப்படுத்தி, வெளிப்பக்கமாக எடுத்து, கடைசி மூச்சில் ஒரு கழுத்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த ராயல் அகாடமியின் தகப்பன் யார் தெரியுமா? நிஜின்ஸ்கி. இருபது வருடத்துக்கு முன் அப்பன் மேல் ஏறி ஜெயித்தவர், இப்போது பிள்ளை மேல். ட்ரெயினரும் அதே ஓ'பிரையன்.

எங்கள் எடை அறையில் அந்தச் செய்தி வந்த பத்திரிகை நாள் முழுக்கக் கைமாறிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் என் கைக்கு வந்தபோது மடிப்பில் கிழிந்திருந்தது.

பிறகு 1992-இல் இரண்டாயிரம் கினியையும் ஜெயித்தார். டெர்பி மாதிரியான பெரிய பந்தயங்களை அங்கே கிளாசிக் என்பார்கள், அது அவருடைய முப்பதாவது கிளாசிக் வெற்றி. 2022 மே 29 அன்று ஜெனீவாவில், எண்பத்தாறு வயதில் காலமானார்.

என் மகனுக்கு வயது பதினைந்து. ஒல்லியான பிள்ளை. குதிரை என்றால் உயிர். ஜாக்கி ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கிறான், இப்போதே ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டான். பிகாட்டே பட்டினி கிடந்துதான் ஜெயித்தார் என்கிறான். என்ன சொல்ல?
ஒரு தாய், ஓசூர்

அம்மா, இன்று ராத்திரியே அவனுக்குச் சாப்பாடு போடுங்கள்.

பிகாட் பட்டினி கிடந்தது நிஜம். சும்மா விட்டால் அறுபது கிலோவைத் தாண்டும் உடம்பை, முப்பது வருடம் 53 கிலோ பக்கத்திலேயே கட்டி வைத்திருந்தார். பாதி நாள் காபியும் சுருட்டும்தான் ஆகாரம். அவர் காலத்தில் டெர்பியில் ஆண் குதிரைக்கு, ஜாக்கியும் சேணமும் சேர்த்து, 57 கிலோ சுமை, அது பரவாயில்லை. சாதாரணப் பந்தயங்களில் சுமை ரொம்பக் குறைவு. தாண்டினால் சவாரி அடுத்தவருக்குப் போய்விடும். அவர் வளர்ந்து முடிந்த பெரிய ஆள், அவர் முகத்தைப் படத்தில் பாருங்கள், முப்பது வயதிலேயே ஐம்பது வயதுச் சுருக்கம்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எடை அறைக்கு ஒரு பையன் வருவான், பத்தொன்பது வயது இருக்கும். சேணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு தராசில் ஏறுவான். முள் அரைக் கிலோ கூடக் காட்டும். இறங்கிப் போய், உள்பனியனைக் கழற்றிவிட்டு வருவான். இன்னும் கொஞ்சம் கூட. கைக்குட்டையில் எச்சிலைத் துப்பிக்கொண்டே இருப்பான், அந்த எடையாவது குறையட்டும் என்று. உதடு வெடித்திருக்கும். பந்தயம் முடிந்து மறுபடி எடை பார்க்க வரும்போது சேணத்தைப் பிடிக்கிற விரல்கள் இழுத்துக்கொண்டு நிற்கும். தராசிலிருந்து இறங்கியதும் நான் டீ வாங்கிக் கொடுப்பேன். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிப்பான். அந்த எண்ணை ஏட்டில் எழுதியவன் நான்தான். இப்போதும் அது எனக்கு உறுத்தல்.

வளருகிற பிள்ளை பட்டினி கிடந்தால் எலும்புக்குக் கேடு. உயரம் பெரும்பாலும் பிறப்பிலேயே வருவது, பட்டினி அதற்கு வழி இல்லை. உங்கள் பையன் உயரமாக வளர்ந்தாலும் குதிரை அவனை விட்டுப் போகாது. காலையில் பயிற்சி ஓட்டத்தில் ஏறுகிறவர்கள் பந்தய எடையில் இருக்க வேண்டியதில்லை. ட்ரெயினர் வேலை இருக்கிறது, லாடம் அடிக்கிற வேலை இருக்கிறது, கால்நடை மருத்துவம் இருக்கிறது. ஒரு லாயத்தில் ஒரு மாதம் விடியற்காலை நாலு மணிக்குப் போய்ச் சாணி அள்ளிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் அது நிஜமான ஆசை.

ஒரு விவரம் நீங்கள் எழுதவில்லை. பையனுடைய அப்பா எவ்வளவு உயரம்? தாய்மாமன் எவ்வளவு உயரம்? அதை ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள், மீதியை அப்புறம் சொல்கிறேன்.