கோபத்துக்குள் மறைந்திருக்கும் மனச்சோர்வு

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. சில மாதங்களாக எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி என்கிறான். உயிராக நினைத்த கால்பந்தாட்டத்தையும் விட்டுவிட்டான். 'வயசுக் கோளாறு, கண்டித்தால் சரியாகும்' என்கிறார் கணவர். அப்படித்தானா, டாக்டர்?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அவனுடைய கோபம் அன்று; கால்பந்தாட்டத்தை விட்டுவிட்டான் என்ற வரிதான். பெற்றோரை எதிர்த்துப் பேசுவது வளரும் வயதின் இயல்பு என்றாலும், அப்படிப் பேசும் பிள்ளை நண்பர்களோடு சிரித்துப் பேசுவான், பிடித்த விளையாட்டுக்கு ஓடுவான். பிடித்தவையும் பிடிக்காமல் போய், அந்த நிலை 2 வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்தால் மனச்சோர்வு நோயைச் சந்தேகிக்க வேண்டும்.

பெரியவர்களைப் போலச் சோகமாக உட்கார்ந்திருந்தால்தான் மனச்சோர்வு என்று நினைக்கிறோம். சிறுவர்களிடமும் பதின்பருவத்தினரிடமும் அது சிடுசிடுப்பாகவே வெளிப்படலாம் என்பதால், நோயைக் கண்டறியும் மருத்துவ வரையறையே அவர்களுக்குச் சோகத்தின் இடத்தில் எரிச்சலையும் ஏற்றுக்கொள்கிறது. உள்ளே இருப்பதைச் சொல்ல அந்த வயதில் வார்த்தை கிடைப்பதில்லை. அது தலைவலியாகவும் வயிற்றுவலியாகவும் வருகிறது. அந்த வலியை நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். தூக்கம், பசி, உடல் எடை, மதிப்பெண், நண்பர்கள் ஆகியவற்றில் எது மாறியிருக்கிறது என்பதை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடாமல், ஓராண்டுக்கு முந்தைய உங்கள் மகனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கண்டிப்பு இங்கே உதவாது; 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு திட்டும் அதற்கு இன்னொரு சான்றாகிவிடும். இதை உங்கள் கணவரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கோபம் தணிந்த வேளையில் பக்கத்தில் உட்கார்ந்து, 'முன்னைப் போல நீ இல்லையே, கண்ணா, மனசுக்குக் கஷ்டமா இருக்கா?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் மறுநாளும் கேளுங்கள். பள்ளியில் யாரேனும் கேலி செய்து துன்புறுத்துகிறார்களா என்றும் விசாரியுங்கள். உயிரை விட்டுவிடத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கவும் தயங்க வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால், மாத்திரைகளையும் ஆபத்தான பொருட்களையும் எட்டாதபடி வைத்து, அவனைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மற்றபடி, இந்த வாரத்திலேயே குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு போன்றவையும் சோர்வைத் தரக்கூடும் என்பதால் அவர் அவற்றையும் பரிசோதித்து, தேவையானால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். மிதமான மனச்சோர்வு பலருக்கு ஆலோசனை சிகிச்சையிலேயே தணிகிறது. கடுமையானதாக இருந்தால் அதோடு மருந்தும் தேவைப்படலாம். அதன் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். சில பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால் அந்த வாரங்களில் அவனைக் கூர்ந்து கவனியுங்கள். தேறிவிட்டான் என்று நீங்களாகவே மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.