மலையில் புதிதாக ஊர் போட்டவர்களின் அன்றாட வாழ்க்கை ஆரம்பத்தில் எப்படி இருந்தது?

காட்டை வெட்டினார்கள், குடிசை போட்டார்கள், விதைத்தார்கள் என்று எங்காவது படித்துவிட்டு, மற்றதைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் ஆறு வயதில் அப்படி ஓர் ஊருக்குப் போனவன். கம்பம்மெட்டுக்கு மேலே, இன்றைய இடுக்கிப் பக்கம். பகலில் செய்த வேலை எல்லா ஊரிலும் உள்ள வேலைதான். எங்களை வாட்டியது ராத்திரி.

1953இல் தேனிப் பக்கத்துக் கம்பம் ஊரிலிருந்து பத்துக் குடும்பம் மலையேறினோம். கேரளம் உருவாகாத காலம், அப்போது அது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். இரண்டு வருடம் கழித்துத்தான் கல்லாறு பக்கம் குடும்பத்துக்கு 5 ஏக்கர் கொடுத்து அரசு 'பட்டம் காலனி' என்ற குடியேற்றத்தைத் தொடங்கியது. எங்களுக்கு அப்படி யாரும் அளந்து கொடுக்கவில்லை. குத்தகைக்குப் பிடித்த சரிவு. காட்டை அழித்தவர்கள் என்று சிலர் எழுத வருவீர்கள். அழித்தோம், மறுக்கவில்லை. ஆனால் பசித்து ஏறியவர்கள் நாங்கள், அதையும் சேர்த்து எழுதுங்கள்.

வீட்டுக்கு முன்னால் பரண் கட்டினோம். மரவள்ளி ஊன்றினால் பன்றி வரும், மலைநெல் விதைத்தால் யானை வரும். மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் கல்லைத் தொங்கவிட்டு, அதிலிருந்து பரண் வரை கயிறு இழுத்திருப்போம். கயிற்றின் நுனியை அம்மா கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு படுப்பாள். தங்கைக்குப் பால் கொடுத்துக்கொண்டே காலை உதறுவாள், தகரம் கடகடவென்று அடிக்கும். தூக்கத்திலும் உதறுவாள். விரலைச் சுற்றி மெட்டி போட்ட மாதிரி தோல் காய்த்துப் போயிருந்தது.

உப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் கம்பத்திலிருந்து தலைச்சுமைதான். மழைக்காலத்தில் உப்பு கசிந்து ஓடிவிடும் என்று மூங்கில் குழாயில் அடைத்து அடுப்புக்கு மேலே தொங்கவிடுவோம்.

1956 ஐப்பசி, அடைமழை. அம்மாவுக்கு மலைக்காய்ச்சல். கொய்னா மாத்திரை தின்று காது இரைகிறது என்று சுருண்டு கிடந்தாள். அப்பா அரிசி வாங்கக் கீழே இறங்கியிருந்தார். கயிறு என் காலுக்கு வந்தது. எனக்கு ஒன்பது வயது. எப்போது தூங்கினேன் என்று தெரியாது. விடிந்து பார்த்தால் மரவள்ளிக் காடு ஏர் உழுத மாதிரி கிடந்தது. அம்மா திட்டவில்லை. "பச்சப்பிள்ள, நீ என்னடா செய்வ" என்று சொல்லி, கயிற்றை அவிழ்த்துத் தன் காலில் கட்டிக்கொண்டாள். அதைவிட அடித்திருக்கலாம்.

பக்கத்துச் சரிவில், கோட்டயம் பக்கத்துப் பாலாயிலிருந்து வந்த மலையாளிக் குடும்பம் ஒரு கூடை வாட்டுக் கப்பை, அதாவது அவித்துக் காயவைத்த மரவள்ளி, கொடுத்தது. அந்தக் கார்த்திகையை அதை வைத்துத்தான் ஓட்டினோம். அதனால் அடுத்துச் சொல்வதை மலையாளிகள் மேல் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த மழைக்குள்தான் நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்திருக்கிறது. உப்புச் சுமை வந்தபோதுதான் எங்களுக்குத் தெரியும். பின்னாளில் என் மகளுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், இங்கே நீ தமிழ்நாட்டுக்காரன் என்றார்கள். மலையிறங்கிப் போனால் நீ கேரளாக்காரன் என்றார்கள். இரண்டு ஆபீஸுக்கும் நான்கு வருடம் நடந்தேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் ஊர் போட்டவனுக்கு ஊர் இல்லை என்பது இன்னும் ஆறவில்லை.

1999இல் அம்மா இறந்தபோது கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். "இது என்னப்பா தழும்பு?" என்று மகள் கேட்டாள். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் கேட்டதால் எழுதினேன்.