அம்மாவின் பிரஷரும் அதிமதுரத் துண்டும்

கேள்வி: வெண்தாமரை, மருதம்பட்டை, சர்ப்பகந்தா சாப்பிட்டால் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

அப்பாவுக்கோ அம்மாவுக்கோதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நிறுத்தாதீர்கள். உடனே என்னைச் சித்த மருத்துவத்துக்கு எதிரி என்று எழுத வேண்டாம், என் அம்மாவைக் காப்பாற்றியதே ஒரு சித்த மருத்துவர்தான்.

அம்மா திருப்புகழ் பாடுகிறவர். மார்கழி முழுக்க அதிகாலைப் பாட்டு, தொண்டை கட்டாமல் இருக்க நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கி, எந்நேரமும் ஒரு துண்டைக் கடைவாயில் அடக்கியிருப்பார். தை பிறந்தும் அது நிற்கவில்லை. அந்த மாதம் பிரஷர் 170/100. அம்லோடிபைன் என்ற பிரஷர் மாத்திரையை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கினார்கள், இறங்கவே இல்லை. கணுக்கால் வீங்கியது, மாடிப்படி ஏறினால் தொடை துவண்டது. வழக்கமாகப் போகும் கிளினிக்கில் படியேறி வந்த கையோடு உட்காரவைத்து, ஸ்வெட்டர் கைமேலேயே பட்டையைச் சுற்றி அளந்து அனுப்பிவிடுவார்கள், வேறு ஒரு கேள்வி கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் தினமும் ஒரு மூலிகைச் செய்தி அனுப்புவான். அம்மாவோடு ஒரு நாள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றதில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கடைசியில் அரசு மருத்துவமனை சித்தா பிரிவுக்கு வெண்தாமரைச் சூரணம் கேட்டுப் போனோம். அங்கிருந்த டாக்டரம்மா, "வேற என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று மூன்று தடவை கேட்டார். "ஒண்ணுமில்லையே" என்ற அம்மா, தயங்கித் தயங்கி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே மென்று மென்று மஞ்சள் நாராகிப்போன ஒரு துண்டு.

அதிமதுரத்தில் இருக்கும் கிளைசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைத்து, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும், அதனால் பிரஷர் ஏறும். ரத்தம் எடுத்துப் பார்த்தால் பொட்டாசியம் 2.9, இருக்க வேண்டியதைவிடக் குறைவு. அதற்கு மருந்து கொடுத்து, அதிமதுரத்தை நிறுத்திய நாலாவது வாரம் பிரஷர் 136/84.

சர்ப்பகந்தா விஷயத்தில் உங்கள் நம்பிக்கை தவறில்லை. மும்பை டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் அது பிரஷரைக் குறைப்பதைப் பிரிட்டன் இதய மருத்துவ இதழில் எழுதினார், 1952-இல் பாசல் நகரில் சீபா நிறுவனத்து ஆய்வாளர்கள் அந்த வேரிலிருந்துதான் பிரஷரைக் குறைக்கும் ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தார்கள். உலகமே அதை மாத்திரையாக விழுங்கியது. ஆனால் அளவு கூடினால் மனச்சோர்வு வரும், மூக்கடைக்கும். அவ்வளவு வீரியமான வேரை ஆன்லைனில் பொடியாக வாங்கி ஸ்பூனால் அள்ளிச் சாப்பிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பயம். அப்புறம், இந்துப்புக்கு மாறினால் போதும் என்று சொல்வார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான்.

வெண்தாமரையோ மருதம்பட்டையோ வேண்டுமென்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். போகும்போது வீட்டில் மெல்லுவது, குடிப்பது, பொடித்து வைத்திருப்பது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, மாத்திரை அட்டையோடு எடுத்துப் போங்கள். முந்தானை முடிச்சையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.